காற்றாலை யாருடையது?

உடுமலைப்பேட்டை வட்டாரத்து மக்களுக்குக் காற்றாலை புதிய காட்சி அல்ல. பாலக்காட்டுக் கணவாய் வழியே வைகாசியில் நுழைந்து புரட்டாசி வரை வீசும் காற்றை நம்பி, தென்னந்தோப்புகளுக்கும் சோளக்காடுகளுக்கும் மேலே நூற்றுக்கணக்கான காற்றாலைகள் சுற்றுகின்றன. நூற்பாலைகள், பின்னலாடை நிறுவனங்கள், காற்றாலையை முதலீடாக வாங்கிப்போட்ட தனியார் என்று அவற்றின் உரிமையாளர் பட்டியல் நீளும். அந்தப் பட்டியலில் ஓர் ஊராட்சியும் இருக்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்குச் செல்லும் சாலையில், நீலகிரி அடிவாரத்தில் உள்ள ஓடந்துறை ஊராட்சி, 2006இல் இந்த உடுமலைப்பேட்டை வட்டாரத்து மைவாடியில் 350 கிலோவாட் திறன்கொண்ட காற்றாலை ஒன்றைச் சொந்தமாக நிறுவியது. செலவு 1 கோடியே 55 லட்சம் ரூபாய். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி வங்கிக் கடன்.

ஓர் ஊராட்சி காற்றாலை வாங்கியது ஏன் அவ்வளவு பெரிய செய்தி ஆயிற்று? நல்ல காற்று வீசும் பகுதிகளில் இருக்கும் மற்ற ஊராட்சிகள் ஏன் வாங்கவில்லை? இந்த இரண்டு கேள்விகளையும் விடாமல் பின்தொடர்ந்தால், கரியமில வாயுவைக் குறைப்பதில் குடிமக்களின் பங்கு என்ன என்ற பெரிய கேள்விக்குள் போய்ச் சேருகிறோம். அந்தப் பெரிய கேள்விக்கு நமக்குப் பள்ளிக்கூடம் முதல் தொலைக்காட்சி வரை சொல்லித்தரப்படும் விடை ஒரு பட்டியல்: துணிப்பை கொண்டுபோ, விளக்கை அணை, மரக்கன்று நடு. பட்டியலில் தவறு ஒன்றும் இல்லை. ஆனால் அது ஒவ்வொருவரையும் தனித்தனியாக நிறுத்திவைத்துப் பேசுகிறது. நம் வீட்டுக் கரியமில வாயுவில் பெரும்பங்கு, நாம் தனியாக முடிவெடுக்க முடியாத இடங்களில் உருவாகிறது என்பதே நான் வலியுறுத்த விரும்புவது. அந்த இடங்களில் மக்கள் சேர்ந்து உரிமையாளர்களாக ஆன ஊர்களில்தான் பெரிய மாற்றம் நடந்திருக்கிறது.

முதலில் தனிமனிதச் செயலுக்குரிய நியாயத்தைச் செய்துவிடலாம். நம் வீடுகளில் அதிக நேரம் ஓடும் பொருள் மின்விசிறி. பழைய மாதிரி மின்விசிறி சுமார் 75 வாட் இழுக்கும். இப்போது பரவலாகக் கிடைக்கும் பி.எல்.டி.சி. மோட்டார் மின்விசிறி 30 வாட் அளவில் அதே காற்றைத் தரும். நாளுக்கு 12 மணி நேரம், ஆண்டுக்கு 300 நாள் என்று வைத்துக்கொண்டால் பழையது 270 யூனிட் எடுக்கும். புதியது 108 யூனிட். மீதமாவது 162 யூனிட். இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு 0.7 கிலோவுக்குச் சற்றே கூடுதலான கரியமில வாயு வெளியாகிறது என்பது மத்திய மின்சார ஆணையத்தின் கணக்கு. ஆக, ஒரே ஒரு மின்விசிறியை மாற்றினால் ஆண்டுக்கு 115 கிலோ குறைகிறது. வீட்டில் மூன்று விசிறி ஓடினால் ஏறக்குறைய 350 கிலோ. ஓர் இந்தியரின் சராசரி ஆண்டு வெளியீடு 2 டன் அளவில் இருக்கையில் இது அலட்சியப்படுத்தும் எண் அல்ல.

ஆனால் இந்தக் கணக்கிலேயே இன்னொரு எண் ஒளிந்திருக்கிறது. விசிறியை மாற்றியவரால் அந்த 0.7 கிலோவை மாற்ற முடியாது. தன் வீட்டுக்கு வரும் மின்சாரம் நிலக்கரியில் பிறந்ததா, காற்றில் பிறந்ததா என்பதை அவர் தீர்மானிப்பதில்லை. போக்குவரத்திலும் இதே நிலைதான். லிட்டருக்கு 4 கிலோமீட்டர் ஓடும் டீசல் பேருந்தில் 50 பேர் போனால், ஆளுக்குக் கிலோமீட்டருக்கு 13 கிராம் கரியமில வாயு. தனியாகப் போகும் இருசக்கர வாகனத்தில் 45 கிராமுக்கு மேல். காரில் தனியாகப் போனால் 150 கிராம். பேருந்தே சிறந்தது என்று தெரிந்துகொள்ள யாருக்கும் அதிக நேரம் ஆகாது. காலை எட்டு மணிக்கு அந்தப் பேருந்து வர வேண்டும், ஏறுவதற்கு இடம் இருக்க வேண்டும். அது பயணியின் கையில் இல்லை.

தனியாக இருக்கும்போது கையில் இல்லாத ஒன்று, சேர்ந்தால் கைக்கு வருமா? வந்த ஊர் ஒன்று இருக்கிறது. டென்மார்க்கில், ஜட்லாந்துக் கரைக்குக் கிழக்கே கடலில் இருக்கும் சாம்ஸோ தீவு. பரப்பு 114 சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை நான்காயிரத்தை ஒட்டி. பருவத்தின் முதல் உருளைக்கிழங்குக்கும் ஸ்ட்ராபெர்ரிக்கும் பெயர்பெற்ற விவசாயத் தீவு. 1990களின் நடுவில் அதன் மின்சாரம் பெருநிலத்து நிலக்கரி மின்நிலையங்களிலிருந்து கடலடிக் கம்பி வழியாக வந்தது. குளிர்காலத்தில் வீடுகளைச் சூடாக்கும் எண்ணெய் கப்பலில் வந்தது. 1997இல் டென்மார்க்கின் எரிசக்தி அமைச்சகம் ஒரு போட்டி வைத்தது: பத்தே ஆண்டுகளில், ஏற்கெனவே இருக்கும் தொழில்நுட்பங்களை மட்டும் கொண்டு, முழுக்கப் புதுப்பிக்கத்தக்க எரிசக்திக்கு மாறும் திட்டத்தை எந்தத் தீவு தரும்? சாம்ஸோ வென்றது. பரிசாகப் பணமூட்டை எதுவும் கிடைக்கவில்லை. திட்டம் தீட்டவும் ஓர் ஆளை வேலைக்கு வைக்கவும் உதவி கிடைத்தது, அவ்வளவே.

அந்த வேலைக்கு வந்தவர் சோரன் ஹெர்மன்சன். தீவிலேயே பிறந்து வளர்ந்த விவசாயக் குடும்பத்துப் பிள்ளை, ஆசிரியராக இருந்தவர். 2008இல் டைம் இதழ் அவரைச் சுற்றுச்சூழல் நாயகர்களில் ஒருவராகத் தேர்ந்தெடுத்த பிறகு உலகம் அவரைத் தேடிவந்தது. தொடக்க ஆண்டுகளில் அவர் செய்தது கூட்டம் கூட்டமாக உட்கார்ந்து பேசியதுதான். பருவநிலை மாற்றத்தைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றினால் யாரும் இருக்கையைவிட்டு எழமாட்டார்கள் என்பது அவருக்குத் தெரியும். அந்தக் காலத்தில்தான் தீவின் இறைச்சிக்கூடம் மூடப்பட்டு ஏறத்தாழ நூறு பேர் வேலை இழந்திருந்தார்கள். அவ்வளவு சிறிய தீவில் அது பேரிடி. எனவே அவர் கொல்லர்களிடமும் குழாய் வேலைக்காரர்களிடமும் போனார்: எண்ணெய்க் கொதிகலனை மாற்றும் வேலை யாருக்குக் கிடைக்கும், காற்றாலைக்கு அடித்தளம் போடும் வேலை யாருக்குக் கிடைக்கும் என்று பேசினார். ஊரில் எல்லோரும் மதிக்கும் ஒருவர் முதலில் சம்மதித்தால் மற்றவர்கள் பின்னால் வருவார்கள் என்பதும் தீவுக்காரருக்குத் தெரிந்த உண்மை.

2000ஆம் ஆண்டு தலா ஒரு மெகாவாட் திறன்கொண்ட 11 காற்றாலைகள் தீவின் நிலப்பரப்பில் எழுந்தன. தீவின் மொத்த மின்தேவையை ஈடுசெய்ய அவை போதும். அவற்றில் 9 உள்ளூர் விவசாயிகளுக்குச் சொந்தம். மற்ற 2 கூட்டுறவாக, சில நூறு பங்குதாரர்களுக்குச் சொந்தம். ஆசிரியர், ஓய்வூதியர், கடைக்காரர் என்று யார் வேண்டுமானாலும் தங்களால் முடிந்த அளவு பங்கு வாங்கிக்கொண்டார்கள். கார்கள், டிராக்டர்கள், படகுகள் எரிக்கும் எண்ணெய்க்கு மாற்று உடனே கிடைக்காது என்று தெரிந்ததும் அந்த வெளியீட்டை ஈடுகட்ட அடுத்த அடி வைத்தார்கள். தீவுக்குத் தெற்கே ஆழம் குறைந்த கடலில், தலா 2.3 மெகாவாட்டில் 10 காற்றாலைகள் 2003இல் இயங்கத் தொடங்கின. அவற்றில் ஐந்து, தீவின் நகராட்சிக்குச் சொந்தம்; மூன்று தனிப்பட்டவர்களுக்கு, இரண்டு சிறு பங்குதாரர்களுக்கு. தன் வீட்டு ஜன்னலிலிருந்து தெரியும் காற்றாலையில் பங்கு உள்ளவருக்கு அதன் இரைச்சல் தொந்தரவாகப் படுவதில்லை என்பது ஹெர்மன்சன் பல மேடைகளில் சொல்லிவருவது. ஐரோப்பாவின் மற்ற பகுதிகளில் காற்றாலை என்றாலே வழக்கு மன்றத்துக்குப் போகும் ஊர்களைப் பார்க்கும்போது இதில் எவ்வளவு உண்மை இருக்கிறது என்று புரியும்.

காற்றாலைகள்தான் புகைப்படத்துக்கு அழகானவை. எனக்கு அதைவிடப் பாடமாகத் தோன்றுவது வைக்கோல். டென்மார்க்கில் ஒரு வீட்டின் எரிசக்திச் செலவில் பெரும்பகுதி குளிரை விரட்டவே போகிறது. சாம்ஸோவில் கோதுமை, பார்லி அறுத்த வைக்கோல் வயல்களில் ஏராளம். பெரிய உருளைகளாகக் கட்டிய வைக்கோலை ஊர் ஓரத்தில் ஒரு பொதுக் கொதிகலனில் எரித்து, சூடான நீரைப் பூமிக்கடியில் பதித்த குழாய்கள் வழியாக வீடு வீடாக அனுப்புகிறார்கள். வெப்பத்தைக் கொடுத்துவிட்டு நீர் மறுபடி கொதிகலனுக்கே திரும்புகிறது. தீவின் டிரானெபியர் ஊரில் உள்ள நிலையம் 1993ஆம் ஆண்டிலேயே வந்தது. பிறகு வேறு மூன்று நிலையங்கள். வடக்கே நோர்ட்பி பக்கத்து நிலையத்தில் மரச்சில்லுகளோடு 2,500 சதுர மீட்டர் சூரிய வெப்பத் தகடுகளும் சேர்ந்து நீரைச் சூடாக்குகின்றன.

இந்தக் குழாய்த் திட்டத்தின் இயல்பைக் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டும். ஒரு தெருவில் பத்து வீடுகளில் இரண்டு வீடுகள் மட்டும் இணைப்பு வாங்கினால் திட்டம் கட்டுப்படியாகாது. எட்டு வீடுகள் வாங்கினால் எல்லோருக்கும் எண்ணெயைவிட மலிவு. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் சம்மதம் என் வீட்டுக் கட்டணத்தை நிர்ணயிக்கிறது. தெருவில் வீடு வீடாகப் போய்ச் சமையலறை மேசையில் உட்கார்ந்து பேசாமல் இது நடக்காது. தனியாக நின்றவர்களைக் கூட்டமாக ஆக்கியது கொள்கை முழக்கம் அல்ல, அந்தக் குழாயின் கணக்கு.

சாம்ஸோவைப் பற்றி எழுதுபவர்கள் பலர் அது பெட்ரோலே இல்லாத தீவு என்பதுபோல எழுதிவிடுகிறார்கள். அது சரியல்ல. கார்களும் டிராக்டர்களும் நெடுங்காலம் எண்ணெயில்தான் ஓடின. 2015இல் வந்த புதிய படகும் இயற்கை எரிவாயுவில் ஓடுவது. கடல் காற்றாலைகள் பெருநிலத்துக்கு அனுப்பும் மின்சாரத்தைக் கழித்துப் பார்க்கும்போதுதான் தீவின் கணக்கு பூஜ்யத்துக்கும் கீழே போகிறது. அதேபோல், காற்றாலை மின்சாரத்துக்கு அரசு பத்தாண்டுக் காலம் உறுதியான விலை தந்தது என்பதையும் மறைக்கக் கூடாது. வங்கிகள் துணிந்து கடன் கொடுத்தது அந்த உறுதியைப் பார்த்துத்தான். மக்கள் மட்டும் செய்தார்கள் என்பது அரைக் கதை. அரசு மட்டும் செய்தது என்பதும் அரைக் கதை. அரசு விலையை உறுதிசெய்தது, உரிமையை மக்கள் எடுத்துக்கொண்டார்கள்.

இந்தப் பழக்கம் சாம்ஸோவில் திடீரென்று முளைக்கவில்லை. 1973 எண்ணெய் நெருக்கடி வந்தபோது டென்மார்க் தன் எரிசக்தியில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இறக்குமதி எண்ணெயை நம்பியிருந்தது. அரசு அணுமின் நிலையங்களை நோக்கித் திரும்பியபோது மக்கள் இயக்கம் எதிர்த்தது. எதிர்த்ததோடு நிற்காமல் வேறு வழி உண்டு என்று கட்டிக் காட்டியதுதான் அந்த இயக்கத்தின் சிறப்பு. தச்சர் ஒருவர், கிறிஸ்டியன் ரீசாகர், தன் கைப்படச் செய்த 22 கிலோவாட் காற்றாலையை 1970களின் நடுவில் மின்கம்பியோடு இணைத்தார். மேற்கு ஜட்லாந்தில் த்விண்ட் பள்ளிகளின் ஆசிரியர்களும் மாணவர்களும் நூற்றுக்கணக்கான தன்னார்வலர்களும் சேர்ந்து 1975இல் தொடங்கி 1978இல் 54 மீட்டர் உயரக் காற்றாலையைக் கட்டி முடித்தார்கள். அந்தக் காலத்தில் உலகின் மிகப் பெரிய காற்றாலை அது. 1985இல் டென்மார்க் நாடாளுமன்றம் அணுமின் பாதையைக் கைவிட்டது. தொடக்க காலக் கூட்டுறவுக் காற்றாலைகளில் பங்கு வாங்க அருகில் குடியிருக்க வேண்டும் என்ற விதி இருந்தது. காற்றாலையின் பலன் அதைத் தினமும் பார்ப்பவருக்கே போக வேண்டும் என்ற எண்ணம் சட்டத்திலேயே இருந்தது என்று பொருள். கோபன்ஹேகன் துறைமுகத்துக்கு வெளியே 2000ஆம் ஆண்டு எழுந்த மிடில்குருண்டன் காற்றாலைத் தொகுதியில் 20 காற்றாலைகள். அவற்றில் பாதி, எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட உறுப்பினர்கள் கொண்ட கூட்டுறவுக்குச் சொந்தம்.

ஜெர்மனியில் ஷோனாவ் என்ற சிற்றூர் இன்னொரு பக்கத்தைக் காட்டுகிறது. கருங்காட்டுப் பகுதியில் 2,500 பேர் வாழும் ஊர். 1986 செர்னோபில் விபத்துக்குப் பிறகு, உர்சுலா ஸ்லாடெக் உள்ளிட்ட பெற்றோர் சிலர் மின்சாரத்தைச் சேமிக்கும் போட்டிகளை ஊருக்குள் நடத்தினார்கள். குறைவாக விற்பதில் மின்நிறுவனத்துக்கு என்ன லாபம்? அது ஒத்துழைக்க மறுத்தது. விடாமல் போராடி, 1991லும் 1996லும் இரண்டு முறை ஊர் வாக்கெடுப்பில் வென்று, நன்கொடையும் பங்குப் பணமும் திரட்டி, 1997 ஜூலை 1 அன்று ஊரின் மின்கம்பிகளையே விலைக்கு வாங்கிவிட்டார்கள். விளக்கை அணையுங்கள் என்று தொடங்கியவர்கள் கடைசியில் மின்கட்டமைப்புக்கே உரிமையாளர் ஆனார்கள். சேமிப்பும் உரிமையும் ஒரே பாதையின் இரண்டு கட்டங்கள் என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குத் தெரியாது.

இனி நம் ஊருக்கு வருவோம். டென்மார்க்குக்கும் தமிழகத்துக்கும் காற்றாலையில் நேரடி உறவு உண்டு. தூத்துக்குடி அருகே முள்ளக்காட்டில் 1986இல் சோதனைக் காற்றாலைகள் வந்தன. பிறகு கயத்தாறிலும் முப்பந்தலிலும் டென்மார்க் அரசின் டானிடா நிதியுதவியோடு காற்றாலைப் பண்ணைகள் அமைந்தன. டென்மார்க் நிறுவனங்களான வெஸ்டாஸ், மைகான் ஆகியவற்றின் தொழில்நுட்பத்தில் சென்னையிலேயே காற்றாலைகள் தயாராகின. ஆரல்வாய்மொழிக் கணவாயிலிருந்து பல்லடம், தேனி வரை பரவி இன்று தமிழகத்தின் காற்றாலைத் திறன் 11,000 மெகாவாட்டைத் தாண்டிவிட்டது. டென்மார்க்கின் இயந்திரம் நமக்கு வந்தது. அதை ஊர் கூடி வாங்கும் வழக்கம் வரவில்லை.

காரணம் சட்டத்திலும் வரியிலும் இருக்கிறது. காற்றாலையின் விலை முழுவதையும் முதல் ஆண்டிலேயே தேய்மானமாகக் காட்டி வருமான வரியைக் குறைத்துக்கொள்ளும் சலுகை 1990களில் இருந்தது. பின்னர் அது 80 விழுக்காடாயிற்று. பெரிய லாபமும் அதற்கேற்ற வரியும் உள்ளவருக்குத்தான் இந்தச் சலுகையால் பயன். நூற்பாலைக்கு அது பொருந்தியது. ஆலை மின்சாரத்தையும் சேர்த்துத் தந்தது. இந்தச் சலுகை இல்லாமல் தமிழகக் காற்றாலைத் தொழில் இவ்வளவு வளர்ந்திருக்காது என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் வருமான வரியே கட்டாத சிறு விவசாயிக்கு, ஊராட்சிக்கு, கூட்டுறவுச் சங்கத்துக்கு அதில் எந்த ஈர்ப்பும் இல்லை. அவர் நிலத்தை விற்றார் அல்லது குத்தகைக்குக் கொடுத்தார். தலைக்கு மேலே சுற்றுவது எவ்வளவு மின்சாரம் தருகிறது என்பதுகூட அவருக்குச் சொல்லப்படவில்லை.

இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் ஓடந்துறையின் பெருமை விளங்கும். 1996 முதல் 2006 வரை ஊராட்சி மன்றத் தலைவராக இருந்த ஆர். சண்முகம் பருவநிலையில் தொடங்கவில்லை, மின்கட்டணத்தில் தொடங்கினார். ஊருக்குக் குடிநீர்த் திட்டம் வந்தது, தெருவிளக்குகள் பெருகின. கூடவே மின்கட்டணமும் ஏறிக்கொண்டே போனது. தமிழகத்தில் எந்த ஊராட்சியின் கணக்கைப் பிரித்தாலும் இந்த இரண்டும், அதாவது தண்ணீர் இறைக்கும் மோட்டாரும் தெருவிளக்கும், மின்செலவில் முன்னால் நிற்கும். 2003இல் மரக்கழிவை வாயுவாக்கி 9 கிலோவாட் மின்சாரம் எடுக்கும் சிறு நிலையம் அமைத்துக் குடிநீர் மோட்டாரை ஓட்டிப் பார்த்தார்கள். தெருவிளக்குகளில் சில சூரியசக்திக்கு மாறின. அந்தச் சிறு முயற்சிகள் தந்த துணிச்சலில்தான் காற்றாலை.

காற்றாலை மைவாடியில், மோட்டார்கள் ஓடந்துறையில். மைவாடியில் பிறக்கும் மின்சாரம் மின்வாரியக் கம்பியில் கலக்கிறது. ஓடந்துறை எடுக்கும் யூனிட்டுகள் அதில் கழிக்கப்படுகின்றன. மீதியை வாரியமே விலைக்கு எடுத்துக்கொள்கிறது. நூற்பாலைகள் பல ஆண்டுகளாகச் செய்துவந்த அதே ஏற்பாடு. ஊராட்சியும் அதைக் கேட்டுப் பெற முடியும் என்று யாருக்கும் தோன்றியிருக்கவில்லை, அவ்வளவுதான். ஆண்டுக்குச் சுமார் 6.75 லட்சம் யூனிட் கிடைக்கும், ஊரின் தேவை 4.5 லட்சம் என்பது வெளியான கணக்கு. 350 கிலோவாட் காற்றாலை ஆண்டு முழுக்க முழு வேகத்தில் சுற்றினால் 30 லட்சம் யூனிட்டைத் தாண்டும். நம் காற்று ஓராண்டில் சில மாதங்களே பலமாக வீசுவதால் அதில் ஐந்தில் ஒரு பங்குக்குச் சற்று மேல் கிடைப்பது நம்பத் தகுந்ததே. ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று பெருக்கினால் ஆண்டுக்கு 470 டன் கரியமில வாயு தவிர்க்கப்படுகிறது. மின்விசிறிக் கணக்கோடு ஒப்பிடுங்கள்: நாலாயிரம் மின்விசிறிகளை மாற்றினால் கிடைக்கும் பலனை ஓர் ஊராட்சித் தீர்மானம் தந்திருக்கிறது. கடனும் அந்த மின்சார வருமானத்திலிருந்தே அடைந்தது.

பிறகு ஏன் இது பரவவில்லை? வெளிநாடுகளிலிருந்தும் வெளிமாநிலங்களிலிருந்தும் ஓடந்துறையைப் பார்க்கக் குழுக்கள் வந்தன. பாராட்டுக்குக் குறைவில்லை. ஆனால் தமிழகத்தில் உள்ள பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட ஊராட்சிகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 லட்சம் சேமிப்பு கனவு. வீட்டுவரி சொற்பம், மேலிருந்து வரும் நிதி குறிப்பிட்ட பணிகளுக்கென்று கட்டிவைக்கப்பட்டது, பெரிய கடன் வாங்க அரசின் ஒப்புதல் வேண்டும். இவற்றைவிடப் பெரிய தடை ஒன்று உண்டு. 2016இல் முடிந்த ஊராட்சிகளின் பதவிக்காலத்துக்குப் பிறகு, 2019 டிசம்பரில்தான் பெரும்பாலான மாவட்டங்களில் தேர்தல் நடந்தது. இடைப்பட்ட மூன்று ஆண்டுகள் தனி அலுவலர்கள் பொறுப்பில் ஊராட்சிகள் இருந்தன. ஏழெட்டு ஆண்டு எதிர்நோக்கோடு கடன் வாங்கிக் காற்றாலை நிறுவுவதற்கு, ஊருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்ட ஒரு தலைவர் தொடர்ந்து இருக்க வேண்டும். உள்ளாட்சித் தேர்தலைக் குறித்த நேரத்தில் நடத்துவதைப் பருவநிலைக் கோரிக்கையாக யாரும் எழுதுவதில்லை. எழுத வேண்டும் என்று உறுதியாக நினைக்கிறேன்.

கேரளத்தில் வயநாடு மாவட்டத்து மீனங்காடி ஊராட்சி வேறொரு முனையிலிருந்து தொடங்கியது. கரியமில வாயுச் சமநிலையை இலக்காக அறிவித்து 2016இல் இறங்கியபோது, முதல் வேலையாகத் தன் எல்லைக்குள் வெளியாகும் வாயு எவ்வளவு, எதிலிருந்து வருகிறது என்று கணக்கெடுத்தது. அதோடு மரங்களை அடமானமாக வைத்துக் கூட்டுறவு வங்கியில் வட்டியில்லாக் கடன் பெறும் திட்டமும் வந்தது. மரத்தை வெட்டாமல் வைத்திருப்பவருக்கு ஆண்டுக்கு ஒரு மரத்துக்கு 50 ரூபாய். மரம் நடுவதால் எரிபொருள் வெளியீட்டை முழுவதும் ஈடுகட்டிவிடலாம் என்று நான் நம்பவில்லை. மரம் வளர ஆண்டுகள் ஆகும், வெட்டினால் கணக்கு தலைகீழாகும். ஆனால் ஓர் ஊர் தன் புகையைத் தானே அளந்து பார்த்தது சாதாரணக் காரியம் அல்ல.

மத்திய அரசின் எல்.இ.டி. பல்பு வாங்கும் திட்டம் கூட்டாகச் சேர்வதன் பலத்துக்கு இன்னொரு சான்று. 2014இல் ஒரு பல்பின் கொள்முதல் விலை 310 ரூபாய். நாடு முழுவதற்கும் மொத்தமாகக் கேட்டு வாங்கியதில் 2016க்குள் அது 38 ரூபாய்க்கு இறங்கியது. 36 கோடிக்கும் மேற்பட்ட பல்புகள் வீடுகளுக்குப் போயின. பி.எல்.டி.சி. மின்விசிறியை இன்று பலர் வாங்காமல் தயங்குவது விலையால்தான். குடியிருப்போர் சங்கமோ மகளிர் சுயஉதவிக் குழுக்களின் கூட்டமைப்போ ஆயிரம் விசிறிகளுக்கு ஒன்றாக விலை கேட்டால் கடைக்காரர் பேசும் விதமே மாறும்.

வீட்டுக் கூரைச் சூரியசக்தியில் நிலைமை இன்னும் சிக்கலானது. ஒரு கிலோவாட் தகடுகளுக்கு ஏறத்தாழ 100 சதுர அடி கூரை போதும். தமிழக வெயிலில் ஆண்டுக்கு 1,400 யூனிட் அளவில் கிடைக்கும். அதாவது ஒரு டன் கரியமில வாயு குறையும். 2024 பிப்ரவரியில் தொடங்கிய பிரதமர் சூரிய வீடு திட்டத்தில் 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் உண்டு. ஆனால் இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் பெறும் சிறிய வீட்டுக்குத் தகடு போடும் ஆசை எப்படி வரும்? வாடகை வீட்டுக்காரருக்குக் கூரையே கிடையாது. அடுக்குமாடியில் கூரை எல்லோருக்கும் பொது. ஆகவே யாருக்கும் சொந்தமில்லை. சாம்ஸோவின் குழாய்த் திட்டம் போல இங்கேயும் சேர்ந்தால்தான் வழி பிறக்கும்.

அடுக்குமாடிகளில் தொடங்க எளிய இடம் பொது மின்இணைப்பு. லிஃப்ட், தண்ணீர் மோட்டார், படிக்கட்டு விளக்கு எல்லாம் அதில் ஓடுகின்றன. அந்த இணைப்புக்கு இலவச யூனிட் கிடையாது. யூனிட் விலையும் வீட்டு இணைப்பைவிட அதிகம். மோட்டாரைப் பகலில் ஓட்டினால் சூரிய மின்சாரம் அப்படியே அதற்குப் போகும். மொட்டை மாடியில் ஆயிரம் சதுர அடி ஒதுக்கினால் 10 கிலோவாட் போடலாம்; ஆண்டுக்கு 10 டன் அளவுக்கு மிச்சம். பொதுப் பயன்பாட்டுக்குப் போடும் சங்கங்களுக்கு மேற்சொன்ன திட்டத்திலேயே கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் மானியம் இருக்கிறது. தடையாக நிற்பது தொழில்நுட்பமோ பணமோ அல்ல. சங்கக் கூட்டத்தில் யார் நிழலில் துணி உலர்த்துவது என்று தொடங்கி மூன்று கூட்டம் நீளும் வாதம். அந்த வாதத்தைப் பொறுமையாக நடத்தி முடிப்பதுதான் செயல். சாம்ஸோவிலும் அப்படித்தான் நடந்தது.

கூரை இல்லாதவருக்கு வழி, வேறோர் இடத்தில் பலர் சேர்ந்து நிறுவும் தகடுகளில் பங்கு வாங்கி, அதன் யூனிட்டை அவரவர் வீட்டுப் பில்லில் கழித்துக்கொள்வது. ஓடந்துறை காற்றாலையில் செய்தது அதேதான், ஓர் ஊராட்சியின் அளவில். டெல்லியில் மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2019இல் வீட்டு நுகர்வோருக்கும் இதற்கான விதிமுறைகளை வெளியிட்டது. ஒரு பள்ளிக்கூடத்தின் பெரிய கூரை, ஒரு கூட்டுறவு வங்கியின் கிடங்குக் கூரை, அரசு பேருந்துப் பணிமனைக் கூரை ஆகியவற்றில் சுற்றுவட்டாரத்து இருநூறு குடும்பங்கள் பங்கு வாங்கும் நிலை தமிழகத்தில் எளிதாக வேண்டும். கட்டணம் தொடர்பான மனுக்கள் மீது தமிழ்நாடு மின்சார ஒழுங்குமுறை ஆணையம் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டங்களில் பெரும்பாலும் தொழிற்சங்கங்களும் ஆலை அதிபர்களின் சங்கங்களும்தான் பேசுகின்றன. குடியிருப்போர் சங்கங்கள் இந்த ஒரு கோரிக்கையோடு அங்கே போக வேண்டும்.

கிராமங்களில் அந்த இடம் கிராமசபை. குடியரசு நாள், உலகத் தண்ணீர் நாள், மே நாள், சுதந்திர நாள், காந்தி பிறந்தநாள், உள்ளாட்சி நாள் என்று இப்போது ஆண்டுக்கு ஆறு முறை கூட வேண்டும். கூட்டத்தில் வரவுசெலவு வாசிக்கப்படும்போது, ஊராட்சி கடந்த ஆண்டு குடிநீர் மோட்டார்களுக்கும் தெருவிளக்குக்கும் எத்தனை யூனிட் எடுத்தது, எவ்வளவு கட்டியது என்று தனியாக வாசிக்கக் கேட்கலாம். மோட்டார்கள் எந்த ஆண்டில் வாங்கியவை, எத்தனை முறை காயில் கட்டியவை என்றும் கேட்கலாம். திரும்பத் திரும்பக் காயில் கட்டிய பழைய மோட்டார் அதே தண்ணீருக்குக் கூடுதல் மின்சாரம் எடுக்கும் என்பதை ஊரில் உள்ள எந்த எலக்ட்ரீஷியனும் சொல்வார். அந்த எண்கள் தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டால், மோட்டாரை மாற்றுவதா, மேல்நிலைத் தொட்டிக்குப் பக்கத்தில் தகடு போடுவதா, பக்கத்து ஊராட்சிகளோடு சேர்ந்து காற்றாலையில் பங்கு கேட்பதா என்ற பேச்சை அடுத்த கூட்டத்திலேயே தொடங்கலாம்.